பந்து காலில் இல்லாத நேரம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, வடசென்னையில் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரைக்கும் இன்னொரு பரீட்சை ஆரம்பித்துவிடும். அதற்கு ஹால் டிக்கெட்டும் கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. "நாளைக்குக் காலையில ஆறரைக்கு காலேஜ் கிரவுண்டுல செலக்‌ஷன். மார்க் ஷீட், சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் எல்லாம் எடுத்துட்டு வந்துடு" என்று பி.டி. சாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டைப் பையன்கள் இருட்டோடு மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ் பக்கம் இறங்கி, பஸ் மாறி மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் உள்ளூர்ப் பையன் வார்ம்-அப்பையே முடித்திருப்பான்.

மைதானத்தின் ஓரமாக ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பெயர், பிறந்த தேதி, உயரம், எந்தக் கால், என்ன பொசிஷன் என்று ஒரு ஃபாரம். பாதிக்கு மேல் 'ஃபார்வர்ட்' என்றுதான் எழுதியிருக்கும். கோல்கீப்பர் என்று எழுதுபவன் அபூர்வம் என்பதால் அவனுக்கு மட்டும் வாசல் கொஞ்சம் அகலம். முதலில் 30 மீட்டர் ஓட்டம். அடுத்து, பீப் சத்தத்துக்கு ஏற்ப வேகத்தைக் கட்டம் கட்டமாகக் கூட்டி ஓடும் பீப் டெஸ்ட். அதன் பிறகு கூம்புகளுக்கு நடுவே பந்தை ஓட்டிப் போவது. கடைசியில் நம்பர் போட்ட பிப்பை மாட்டிவிட்டு ஆளுக்கு இருபது நிமிடம் மேட்ச்.

அந்த இருபது நிமிடம் ஆடப்படுவது ஒரு விநோதமான கால்பந்து. யாரும் யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாங்கியவன் பெயர் எடுத்துவிடுவானே! பந்து கிடைத்தவன் இரண்டு பேரை டிரிபிள் செய்வான், மூன்றாமவனிடம் பறிகொடுப்பான், இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். பக்கத்தில் காலியாக நிற்பவனுக்கு நல்ல பந்தைத் தருவதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை. செலக்‌ஷன் காலையில் அதைச் செய்கிறவனுக்குத்தான் நஷ்டம். எல்லாம் முடிந்ததும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் நோட்டை மூடிக்கொண்டு, "டேலன்ட் இருக்கு சார், டிசிப்ளின் எப்படின்னுதான் தெரியல" என்பார். எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள இந்தக் காலையில் என்ன ஏற்பாடு இருந்தது?

திறமையையும் குணத்தையும் எடைபோடுகிற இந்த வேலையை நாம் அவசரத்தில் செய்கிறோம். அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அளக்காமல் விட்டதற்கு 'குணம்' என்று பெயர் வைத்து, அந்தக் கட்டத்தைப் பையனின் முகவரியைப் பார்த்து நிரப்பிவிடுகிறோம். இந்தப் பகுதியில் அது பலருடைய பிழைப்பைத் தீர்மானிக்கிற விஷயம் என்பதால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

பிழைப்பு எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். கல்லூரியில் 'ஃப்ரீ சீட்' கிடைப்பது முதல் படிதான். கல்லூரி அணியில் ஆடிக் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. பல்கலைக்கழக அணிக்காக, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டியில் இறங்கினால் 'ஃபார்ம் த்ரீ'. மாநில அணிக்காக சந்தோஷ் டிராபி மாதிரியான தேசியப் போட்டியில் ஆடினால் 'ஃபார்ம் டூ'. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுச் சான்றிதழ்களின் படிவ எண்கள் இவை. வடசென்னை மைதானங்களில் பையன்களின் ஜாதகம் இந்த எண்களில்தான் எழுதப்படுகிறது. "தம்பிக்கு ஃபார்ம் டூ இருக்கா?" என்று பெண் வீட்டார்கூடக் கேட்பார்கள் போலிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் இருக்கிறது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமானவரித் துறை, கணக்காயர் அலுவலகத்து ஏ.ஜி.ஓ.ஆர்.சி. என்று சென்னை லீகில் ஆடிய பெரிய அணிகள் பலவும் மாதச் சம்பளம் தரும் அலுவலகங்களின் அணிகளே. தமிழ்நாட்டுக் கால்பந்தைப் பல தலைமுறையாகத் தாங்கி நின்றது ரசிகர் டிக்கெட் பணத்தைவிட அலுவலகச் சம்பளப் பட்டியல்தான்.

அந்த அலுவலகங்கள் ஆளை எப்படி எடைபோடுகின்றன? ரயில்வே வாரியம் 2010 டிசம்பர் கடைசியில் வெளியிட்ட விதிகளைப் பார்த்தால் மொத்தம் 100 மதிப்பெண். ஏற்கெனவே வாங்கிய சான்றிதழ்களுக்கு 50. படிப்புக்கு 10. நேரில் நடக்கும் டிரையலுக்கு 40. அதில் 25 வாங்கினால்தான் தகுதி. ஆட்டத் திறமை, உடல் தகுதி, 'பயிற்சியாளரின் கவனிப்பு' மூன்றும் அந்த நாற்பதுக்குள் அடக்கம். குணம் என்று ஒன்று எங்காவது மதிப்பெண் ஆகிறதென்றால் அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான் ஆக வேண்டும். முறையாக எழுதப்பட்ட விதி என்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சான்றிதழுக்குப் பாதி மதிப்பெண் என்றால், அந்தச் சான்றிதழை முதலில் யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கிற இடம் கல்லூரி மைதானத்து மேசை. அங்கே நடக்கும் தவறு பிறகு எந்த மேசையிலும் திருத்தப்படுவதில்லை.

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர். பெரும்பாலான புறநகர் ரயில்களுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு உருக்கு ஆலைகள், கொஞ்சம் தள்ளித் தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை, ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. வழியில் பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி, கவரைப்பேட்டையிலும் பெருவாயலிலும் பொறியியல் கல்லூரிகள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ரோட்டோரம் நின்றால் ஒரு பக்கம் காலேஜ் பஸ் வரும், இன்னொரு பக்கம் கம்பெனி பஸ் வரும். காலேஜ் பஸ்ஸில் ஏறினால் மூன்று வருஷம் கழித்து ஒருவேளை ஒரு ஃபார்ம். கம்பெனி பஸ்ஸில் ஏறினால், கான்ட்ராக்ட்தான் என்றாலும், அடுத்த மாதமே கையில் காசு. நிறையப் பேர் இரண்டிலும் ஏறுகிறார்கள், பகலில் ஒன்று, ராத்திரி ஒன்று.

சி ஷிஃப்ட் ராத்திரி பத்துக்குத் தொடங்கிக் காலை ஆறுக்கு முடியும். அதை முடித்துவிட்டு நேராக செலக்‌ஷனுக்கு வந்து நிற்பவனைக் கொஞ்சம் கவனியுங்கள். கண் இடுங்கியிருக்கும். பைக்குள் யூனிஃபார்ம் சட்டையும் பூட்டும் ஒன்றாகக் கிடக்கும். வயிற்றில் கேன்டீன் டீயும் ஒரு வடையும். முதல் ஓட்டத்தில் சமாளித்துவிடுவான். பீப் டெஸ்டில் எட்டாவது கட்டத்திலேயே கால் தட்டும். நோட்டில் 'ஸ்டாமினா இல்லை' என்று விழும். தாமதமாக வந்திருந்தால் கூடவே 'பங்சுவாலிட்டி இல்லை' என்றும் விழும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அதைத்தான். "ராத்திரி தூங்கினியாப்பா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதே பையனைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பார். எட்டு மணி நேரம் இரும்போடு நின்றுவிட்டு, ஒரு பந்துக்காக அடுத்த ரயிலைப் பிடிக்கிறவனிடம் இல்லாத டிசிப்ளின் வேறு யாரிடம் இருக்கிறது?

இங்கிலாந்தில் இப்படித் தவறவிட்ட ஒருவரை உலகத்துக்கே தெரியும். ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் பதினாறு வயதில், ஆள் குள்ளம் என்று கழித்துவிட்டது. அவர் உள்ளூரில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற அணியில் வாரத்துக்கு 30 பவுண்டுக்கு ஆடினார். பெயரே சொல்வதுபோல அது இரும்பாலை ஊர். பகலில் மருத்துவப் பட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. 2007-ல் ஓர் அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, ஆறு மாதம் காலில் மின்னணுப் பட்டையோடு, மாலைக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு திரிந்தார். வெளியூர் மேட்ச் என்றால் பாதியிலேயே மைதானத்தை விட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். 2012-ல் லெஸ்டர் சிட்டி அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2016-ல் அதே லெஸ்டர் இங்கிலாந்து சாம்பியன்.

வார்டி நல்லவரா என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. அவர் ஃபைலை நம் கல்லூரி மேசையில் வைத்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. குள்ளம், ஃபேக்டரி வேலை, கேஸ். மூன்றாவது சொல்லைப் படிப்பதற்குள் ஃபைல் மூடப்பட்டுவிடும்.

இங்கே அந்த மூன்றாவது சொல்லுக்கு வழக்குகூடத் தேவையில்லை, முகவரி போதும். "எந்த ஏரியாப்பா?" "வியாசர்பாடி சார்." கேட்டவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடும். சினிமாவும் செய்தித்தாளும் சேர்ந்து அந்தப் பெயருக்கு ஒட்டிவிட்ட அழுக்கு அது. அதே வியாசர்பாடியை 'மினி பிரேசில்' என்று கொண்டாடுவதும் இதே பத்திரிகைகள்தான். 1990-களின் கடைசியில் அங்கே உமாபதியும் தங்கராஜும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பந்தோடு சாயங்கால டியூஷனையும் சேர்த்து வைத்த அமைப்பு அது. அந்த ஏரியாவிலிருந்து போன தனபால் கணேஷ், 2018-ல் சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்ற ஐ.எஸ்.எல். சீசனின் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக கோல் அடித்தார். அங்கிருந்து போன நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றை கோலுக்கு ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மோகன் பகானுடன் மோதும் டெர்பி ஆட்டங்களில் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த கிளப் அது. கொல்கத்தாவில் யாரும் அவரிடம் எந்த ஏரியா என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, குணத்தைப் பார்க்கவே முடியாதா? முடியும். ஆனால் பந்து அவன் காலில் இருக்கும்போது தெரிவது குறைவு. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான். மீதி நேரம் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீகின் 118 வீரர்களைத் தனித்தனியாகப் படம்பிடித்த காட்சிகளை வைத்து ஆராய்ந்தார். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்த்தவர்களின் பாஸ்கள் அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. 30 மீட்டர் ஓட்டத்திலோ கூம்புகளுக்கு நடுவிலோ இது தெரியாது. ஓரமாக நின்று ஒரே பையனைப் பத்து நிமிடம், பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தால் தெரியும். பந்தைப் பறிகொடுத்தவன் திரும்பி ஓடுகிறானா? தன் ஆள் தவறு செய்தால் கையை விரிக்கிறானா, தட்டிக்கொடுக்கிறானா? வெளியே உட்கார வைத்தால் தண்ணி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறானா, செல்லை எடுத்து நோண்டுகிறானா? இதெல்லாம் திறமையா குணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

ஒரு காலையில் இவ்வளவும் பார்க்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் கும்மிடிப்பூண்டிப் பையன் பதினெட்டு வயதில் திடீரென்று முளைத்துவிடவில்லையே. குறுவட்டப் போட்டியில் தொடங்கி பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று நாலைந்து வருஷமாக எங்கோ ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஏரியா டோர்னமென்ட்டில் ஆடுகிறான். அவனை மழைக்கும் வெயிலுக்கும் பார்த்த ஒரு மாஸ்டர் அங்கே இருக்கிறார். சம்பளம் இல்லாத அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசுகிற கல்லூரிகள் சில உண்டு. அந்தக் கல்லூரிகளின் அணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நீண்ட நாள் பார்ப்பது என்றால் என்ன என்பதற்குக் கடலூர் நல்ல உதாரணம். பயிற்சியாளர் மாரியப்பனின் இந்திரா காந்தி அகாடமியில் வளர்ந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிவரை போனார்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018-லும் 2023-லும் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் ஆனது. சின்ன வயதிலிருந்து அந்தப் பெண்களின் வீடு, விடுதி, பள்ளி எல்லாம் தெரிந்த ஒருவர் எடைபோடுவதற்கும், ஃபாரத்தில் உயரத்தைப் பார்த்து எடைபோடுவதற்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

வயது விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஒரு தலைமுறைக்கே மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட தேதி. விளையாட்டில் அது இன்னொரு திசைக்கும் போனது: பையனைப் பெரியவனாக்கிப் பள்ளியில் சேர்த்தவர்கள் ஒரு பக்கம், சின்னவனாக்கி அண்டர்-17-ல் இறக்கியவர்கள் இன்னொரு பக்கம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பது இதனால்தான். வயதைக் குறைத்தது பிடிபட்டால் பழி பையனின் குணத்தின் மேல் விழும். பதிமூன்று வயதில் தேதியை மாற்றச் சொன்ன பெரியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஒழுங்காக வயதைச் சொன்னவனுக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடப் பதினோரு மாதம் மூத்தவன். பதினான்கு வயதில் அது கண்ணுக்குத் தெரிகிற உயர வித்தியாசம்கூட ஆகலாம். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே தேர்வுகளில் குவிவதை ரோஜர் பார்ன்ஸ்லி 1980-களிலேயே எடுத்துக் காட்டினார். பெரிய உடம்பைத் திறமை என்று படிப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

ஆளைப் பொறுக்கியெடுப்பதைப் பெருந்தொழிலாகவே நடத்துகிற அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் கையில் பிடித்து ஓடும் வேறு ஆட்டம். பள்ளிப் பையன்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போட்டு விற்கும் நிறுவனங்களே உண்டு. கலிஃபோர்னியாவின் விவசாய ஊர்ப் பையன் ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி ஒன்றும் இடம் தரவில்லை. சின்னக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்தபடியே நாடு முழுக்கப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் வயோமிங் எடுத்துக்கொண்டது. 2024 சீசனில் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகில் சிறந்த வீரர் விருது அவருக்கு. அவ்வளவு பணம், கேமரா, கணக்கு எல்லாம் இருந்தும் தவறிப்போகிறது என்றால், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வைத்திருக்கிற நாம் இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. பையனின் குணத்தை எல்லாரும் சோதிக்கிறார்கள். கல்லூரியின் குணத்தை யார் சோதிப்பது? கால்பந்தில் முழங்கால் போவது சாதாரணம். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். சீசனின் முதல் மேட்சிலேயே காயப்பட்டு அந்த சீசனையே இழந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கிளப்பின் மருத்துவக் குழு இருந்தது. 2022 நவம்பரில், வியாசர்பாடியைச் சேர்ந்த பதினேழு வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், கால்பந்து வீராங்கனை, முழங்கால் சவ்வுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். தமிழ்நாடே அதிர்ந்த மரணம் அது. அந்தச் சமயத்தில் மருத்துவத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம், பேச வேண்டியதும்தான். ஆனால் ஆடவைத்துப் பெயர் வாங்குகிற நிறுவனங்கள், ஆடுகிறவரின் முழங்காலுக்கு எந்த அளவு பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் 1973-லிருந்து விளையாட்டு உதவித்தொகை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படும் ஒன்றாகவே நெடுங்காலம் இருந்தது. காயப்பட்டவனை, எதிர்பார்த்தபடி ஆடாதவனை அடுத்த வருஷம் கைகழுவிவிடலாம். மாணவர்கள் பல வருஷம் போராடியதில் 2015 ஜனவரியில் பெரிய ஐந்து கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகளும் சேர்ந்து, ஆட்டத்தைக் காரணம் காட்டி உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என்று விதி போட்டன.

இங்கே 'ஃப்ரீ சீட்' என்பது பெரும்பாலும் வாய்வார்த்தை. முதல் வருஷம் ஃபீஸ் இல்லை. அடுத்த வருஷம் அணியில் இடம் இல்லையென்றால் பாதி ஃபீஸ். மூன்றாவது வருஷம் முழு ஃபீஸ் என்று ஆனவர்கள் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடுவார்களா, டோர்னமென்ட் போன நாட்களுக்கு 'ஆன் டூட்டி' கிடைக்குமா, ஹாஸ்டலில் ஆடுகிற பிள்ளைக்கு முட்டையாவது உண்டா? செலக்‌ஷன் முடிந்து அட்மிஷனுக்குக் கூப்பிடும்போது பையனோடு வரும் அம்மா இதையெல்லாம் கேட்கலாம். "முட்டி போச்சுன்னா மிச்ச வருஷத்து ஃபீஸ் யாரு சார் கட்டுவா? அதையும் லெட்டர்ல எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லலாம். உடனே கையெழுத்துப் போடுகிற கரஸ்பாண்டென்ட் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். கேட்டதும் அவர் என்ன பதில் சொல்கிறார், பி.டி. சார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை வைத்து அந்த அம்மாவும் மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். பீப் டெஸ்டுக்கு ஆகிற நேரம்கூட அதற்கு ஆகாது.